வரிப்பணத்தில் ஓவியம்: அரசுப் பல்கலைக்கழகத்தில் கவின்கலை எதற்காக?

ஓவியமோ சிற்பமோ கற்க ஒருவர் பல்கலைக்கழகம் வரை போக வேண்டுமா? போகட்டும் என்றால், அந்தச் செலவை அரசு ஏன் ஏற்க வேண்டும்? சென்னையில் 1850இல் கலைப்பள்ளி தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கைத்தொழில் செழிக்கும் என்றது ஒரு தலைமுறை. மரபு பிழைக்கும் என்றது அடுத்தது. கலைஞரை யாரும் உருவாக்க முடியாது, தழைக்க இடம்விட்டால் போதும் என்றனர் சிலர். கலையைச் செய்யவும் அதைப் பற்றி யோசிக்கவும் தெரிந்த பட்டதாரிகள் வேண்டும் என்றனர் வேறு சிலர். இப்போது கலையாக்கமே ஆராய்ச்சிதான் என்ற குரல் ஓங்கியிருக்கிறது. புதிய விடை வந்ததும் பழையது ஒழிந்துபோனதில்லை. எல்லாமே பாடத்திட்டத்திலும் பணி விதிகளிலும் சேர்க்கை அறிவிப்புகளிலும் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. ஒரே கல்லூரியில் நெசவு வடிவமைப்பும் சிற்பமும் காட்சித் தகவல் வடிவமைப்பும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடப்பது இப்படித்தான் நேர்ந்தது.

இந்த விடைகள் ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதைப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் வேலை. அதோடு ஒரு வாதமும் உண்டு. அரசுக் கலைக்கல்லூரிகள் தாம் அறிவித்த நோக்கத்தை நிறைவேற்றியதால் மதிப்புப் பெற்றவை என்று சொல்வது கடினம். பரம்பரைப் பட்டறையோ குடும்பப் பணமோ இல்லாத ஒருவருக்குச் சில ஆண்டு நேரம், வேலை செய்ய ஓர் இடம், தன்னோடு முரண்படக்கூடிய சகாக்கள் ஆகிய மூன்றும் அங்கே கிடைத்தன. இந்த மூன்றையும் அவை கொடுத்தபோதுதான் குறிப்பிடத்தக்கவை நடந்தன. நோக்க அறிக்கைகளில் இது பெரும்பாலும் இடம்பெறவில்லை.

தொழிலுக்கு ஒரு பள்ளி

அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர். சென்னை பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் தம் சொந்த முயற்சியில் அவர் தொடங்கிய பள்ளியை 1852இல் அரசு ஏற்றுக்கொண்டு, தொழிற்கலைப் பள்ளியாக்கிப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனது. கல்கத்தாவில் 1854இலும் பம்பாயில் 1857இலும் லாகூரில் 1875இலும் இதே வகைப் பள்ளிகள் எழுந்தன. இவற்றுக்கு வழிகாட்டியாக வந்தது லண்டனின் சௌத் கென்சிங்டன் முறை. 1851 லண்டன் பொருட்காட்சியில் இங்கிலாந்தின் ஆலைப் பொருள்கள் இந்தியத் துணிகளுக்கும் உலோக வேலைகளுக்கும் பக்கத்தில் அழகு குன்றித் தெரிந்தன. அந்தக் குறையைப் போக்க ஹென்றி கோலும் அவருடைய கூட்டாளிகளும் கோடு, வளைவு, அலங்கார உரு, சுதைச்சிலை என்று படிப்படியாக ஏறும் ஓவியப் பயிற்சியை வகுத்தனர். இந்தியக் கைவினைஞரைப் பார்த்து வெட்கப்பட்டு உருவாக்கிய பயிற்சியை, இந்தியக் கைவினைஞருக்குக் கற்றுத்தருவதற்காகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். காலனிய நிர்வாகத்துக்கு இந்த வேடிக்கை உறைத்ததாகத் தெரியவில்லை.

தொழில் நோக்கம் வெறும் பேச்சாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1898இல் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியின் பட்டறையில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது தனியார் நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பெருந்தொழிலாயிற்று. நம் சமையலறை அலுமினியத்துக்கு ஒரு கலைப்பள்ளி பிறப்பிடம் என்பது விந்தையான செய்திதான். ஆனால் அந்த வெற்றியிலேயே இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் தெரிகிறது. தொழில் வளர்ந்ததும் அதற்குக் கலைப்பள்ளி தேவைப்படவில்லை. ஆலைச் சரக்கால் நொடிந்த நெசவாளரையும் கன்னாரையும் பள்ளியால் தூக்கி நிறுத்தவும் முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பின் வடிவமைப்புக்கென்றே தனி நிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் அளித்த அறிக்கையை அடியொற்றி 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தபோது, கலைக்கல்லூரியின் பழைய நியாயத்தில் பெரும்பகுதி அங்கே இடம் மாறிவிட்டது.

எனினும் 'படித்தால் வேலை கிடைக்குமா' என்று சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஹண்டர் காலத்துக் கேள்வியேதான். அதற்கு வரலாறு தரும் விடை சற்றுக் கோணலானது. வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் யாரும் திட்டமிட்ட இடத்தில் இல்லை. சென்னைக் கல்லூரியில் பயின்ற தோட்டா தரணியும் பி.கிருஷ்ணமூர்த்தியும் திரைப்படக் கலை இயக்கத்துக்குப் போனார்கள். கே.எம்.ஆதிமூலத்தின் கோடுகளும் எழுத்துருக்களும் தமிழ்ச் சிறுபத்திரிகைகளின், நூல்களின் முகத்தையே மாற்றின. 1966இல் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அங்கே உலை கொதித்தது பெருமளவுக்குப் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில்தான். நவீன ஓவியத்துக்காக நிலம் வாங்கியவர்களைத் தொழிற்பள்ளி மரபின் மிச்சம் காப்பாற்றியது. இதை வைத்து 'தொழில் நோக்கம் சரிதான்' என்று முடிவு கட்டுவது அவசரம். தொழிலுக்கென்று மட்டும் பயிற்றியிருந்தால் அவர்கள் சோழமண்டலத்துக்குப் போயிருக்க வாய்ப்பே இல்லை.

குலமும் பட்டறையும்

தொழிற்பள்ளிக்கு எதிரான முதல் வலுவான குரல் அதன் உள்ளிருந்தே எழுந்தது. 1884 முதல் சுமார் எட்டாண்டு சென்னைப் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த இ.பி.ஹேவல், இந்தியக் கைவினை மரபுக்குப் பாடம் சொல்லித்தர ஐரோப்பாவிடம் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1896இல் கல்கத்தாப் பள்ளியின் பொறுப்பேற்ற பிறகு அதைச் செயலிலும் காட்டினார். காட்சிக்கூடத்து ஐரோப்பிய ஓவியங்களை அகற்றி முகலாய ஓவியங்களைச் சேர்த்தபோது எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களில் இந்திய மாணவர்களும் பத்திரிகைகளும் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய பாணி எண்ணெய் ஓவியம் அவர்களுக்கு மதிப்புக்கும் வருமானத்துக்கும் வழி. அதை மூடிவிட்டு உங்கள் மரபே உயர்ந்தது என்று ஓர் ஆங்கிலேயர் அறிவுரை சொல்வது அவர்களுக்குச் சந்தேகம் தந்ததில் வியப்பில்லை.

ஹேவலின் நிலைப்பாட்டுக்குத் தத்துவ அடித்தளம் தந்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலும் அடுத்த ஆண்டு வந்த இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலிலும், கலை என்பது தனிமனிதத் திறமையின் வெளிப்பாடாக இல்லாமல் ஒரு சமூகத்தின் வழிவழிக் கடமையாக இருந்த உலகத்தை அவர் விவரித்தார். அவ்வுலகில் பள்ளி தேவையில்லை. பையன் அப்பாவின் பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டே வளர்கிறான். சுவாமிமலையில் மெழுகு உருவின்மேல் களிமண் பூசி உருக்கிய உலோகம் வார்க்கும் குடும்பங்களைப் பார்த்தால், கை வழியாக மட்டுமே கைமாறும் அறிவு ஒன்று உண்டு என்பதை மறுக்க முடியாது. எந்தப் பாடத்திட்டமும் அதை அவ்வளவு சிக்கனமாகக் கற்பித்துவிடாது.

இந்த நிலைப்பாடு சறுக்குவது பட்டறையின் கதவில். உள்ளே பிறந்த பையனுக்கு எல்லாம் இருக்கிறது. அடுத்த தெருவில் பிறந்தவனுக்கு ஒன்றுமில்லை. அதே வீட்டில் பிறந்த பெண்ணுக்கும் பெரும்பாலும் உளி கொடுக்கப்படவில்லை. குலத்தொழிலின் அழகைப் பேசியவர்கள் சாதியின் பூட்டை அதன் அலங்காரமாகப் பார்த்துவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. சென்னை அரசு 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது இந்த இடத்தில் முக்கியம். வைத்தியநாத ஸ்தபதியும் பின்னர் நெடுங்காலம் வை.கணபதி ஸ்தபதியும் தலைமையேற்று நடத்திய அந்த நிறுவனம் கோயிற் கட்டடக்கலையையும் சிற்பத்தையும் சாத்திர அளவுகளோடு கற்பித்தது. காலப்போக்கில் பட்டப்படிப்பும் ஆயிற்று. குமரிமுனையில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. மரபை அரசுக் கல்லூரிக்குள் கொண்டுவந்ததில் மரபு எதை இழந்தது என்று விவாதிக்கலாம். பரம்பரை இல்லாத ஒருவர் விண்ணப்பப் படிவம் வாங்கி அந்தக் கலையைக் கற்க முடிந்தது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ஓர் அரசு நிறுவனம் செய்யக்கூடியதை வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகச் செய்து காட்டியதில்லை.

'கலையைக் கற்றுத்தர முடியாது'

மூன்றாவது நிலைப்பாட்டை முன்வைத்தவர்களில் பலர் கலைப்பள்ளி ஆசிரியர்களே. 1919இல் வைமரில் பௌஹவுஸைத் தொடங்கிய வால்ட்டர் குரோப்பியஸ், கற்பிக்கக்கூடியது கைத்திறன் மட்டுமே, கலை அதற்கு அப்பாற்பட்டது என்று அறிவித்துவிட்டுத்தான் பள்ளியின் கதவைத் திறந்தார். அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் எல்கின்ஸ் 2001இல் இதே கருத்தை ஒரு நூலின் தலைப்பாகவே வைத்தார். அவரும் கலைக்கல்லூரியில் சம்பளம் வாங்கியவர்தான். கற்பிக்க முடியாது என்றால் ஆசிரியரின் வேலை என்ன? சூழலை உருவாக்குவது என்பது இவர்கள் தரும் விடை.

சென்னையில் இதற்கு நல்ல சான்று உண்டு. அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி ஏறக்குறைய 1930 முதல் 1957 வரை கலைப்பள்ளிக்குத் தலைமை வகித்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. அவர் காலத்தில் அச்சுப் பார்த்து நகலெடுக்கும் பழக்கம் தளர்ந்து, உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரைவதும் தெருவுக்கும் கடற்கரைக்கும் போய் வரைவதும் வேரூன்றின. அவருடைய மாணவராக இருந்து ஆசிரியராகி, பின் முதல்வரான பணிக்கர் 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அங்கே கற்பித்த எஸ்.தனபால், எல்.முனுசாமி, ஏ.பி.சந்தானராஜ் ஆகியோரின் பாணிகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. மாணவர் ஒருவர் இவர்களில் யாரையும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை என்பதே அந்த இடத்தின் பலம் என்று தோன்றுகிறது. சென்னை இயக்கம் என்று பிற்பாடு பெயர்பெற்றது எந்தப் பாடத்திட்டத்தின் விளைவும் அல்ல. ஒரே வளாகத்தில் இருந்த கருத்து மாறுபாடுகளின் விளைவு.

'சூழல் போதும்' என்ற வாதத்துக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது, யாரைச் சேர்ப்பது என்பதற்கு இது விடை தருவதில்லை. கலையைக் கற்பிக்க முடியாது, மேதைமை பிறப்பில் வருவது என்றால் நுழைவுத் தேர்வு எதைச் சோதிக்கிறது? ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் இதைக் கடைசி எல்லை வரை இழுத்துப் பார்த்தார். டூசல்டார்ஃப் அரசுக் கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்களை எல்லாம் தம் வகுப்பில் சேர்த்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். 1972இல் மாநில அமைச்சர் அவரைப் பணிநீக்கம் செய்தார். ஒவ்வொரு மனிதரும் கலைஞரே என்ற கொள்கைக்கும், இத்தனை மாணவருக்குத்தான் இடமும் மண்ணும் வண்ணமும் உண்டு என்ற அரசுக் கணக்குக்கும் நடந்த மோதல் அது. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டாவது சிக்கல், சூழல் என்பது ஆள்களைச் சார்ந்தது. பணிக்கர் போன்ற ஒருவர் ஓய்வுபெற்றதும் சூழலும் கூடவே ஓய்வுபெற்றுவிடக்கூடும். நிறுவனம் என்பது ஆள் போனாலும் நிற்க வேண்டியது.

பட்டம் வந்த பிறகு

பல்கலைக்கழகத்துக்குள் கலை நுழைந்தது தற்செயலாகத்தான். ஃபீலிக்ஸ் ஸ்லேட் என்ற சேகரிப்பாளரின் உயிலால் ஆக்ஸ்ஃபோர்டில் 1869இல் ஜான் ரஸ்கின் கலைப் பேராசிரியரானார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 1871இல் ஸ்லேட் பள்ளி திறந்தது. ஆனால் கலைக்கல்வி பல்கலைக்கழகக் கல்விக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற கொள்கையைப் பிரிட்டனில் அரசு அளவில் வகுத்தது 1960இல் வந்த கோல்ட்ஸ்ட்ரீம் குழு அறிக்கைதான். கலை வரலாறும் பொதுப்பாடங்களும் கட்டாயமாயின. சேர்வதற்குப் பள்ளித் தேர்வில் ஐந்து பாடங்களில் தேர்ச்சி தேவைப்பட்டது. 1968இல் லண்டன் ஹார்ன்சி கலைக்கல்லூரி மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றியபோது அவர்கள் எதிர்த்தவற்றில் இந்த நுழைவுத் தகுதியும் ஒன்று. கை நன்றாக ஓடும், படிப்பு ஓடாது என்ற தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பழைய கலைப்பள்ளி ஒரு புகலிடமாக இருந்தது என்பது அவர்கள் வாதம். அந்தஸ்து உயர்ந்தபோது வாசல் குறுகியது.

இந்தியாவில் இந்தச் சோதனையின் முழு உருவம் பரோடா. 1949இல் தொடங்கிய மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா காலத்திலேயே 1950இல் நுண்கலைப் புலம் அமைந்தது. மார்க்கண்ட பட், என்.எஸ்.பேந்த்ரே, சங்கோ சௌத்ரி ஆகியோர் தொடக்க ஆசிரியர்கள். ஓவியர் தம் காலத்தையும் முன்னோரையும் படித்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கலை வரலாறும் விமரிசனமும் செய்முறைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டன. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 1942 போராட்டத்தில் சிறை சென்று, பின் சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்ற கே.ஜி.சுப்பிரமணியன் 1951இல் பரோடாவுக்கு வந்தார். கைத்தறி வாரியத்திலும் பணியாற்றினார். கைவினையையும் நவீன ஓவியத்தையும் எழுத்தையும் ஒரே ஆளால் சேர்த்துப் பிடிக்க முடியும் என்பதற்கு அவர் உதாரணம். சாந்திநிகேதனின் கதை வேறு திசையிலிருந்து வந்தது. 1919இல் தொடங்கிய கலாபவனம் அரசுச் சார்பின்றி வளர்ந்து, 1951இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது நிதியும் விதியும் சேர்ந்தே வந்து சேர்ந்தன.

பரோடாவின் நிலைப்பாட்டுக்குச் சாதகமான சான்று, ஓரளவு எதிர்பாராத ஒருவரிடமிருந்து வருகிறது. பூபேன் கக்கர் பம்பாயில் பட்டயக் கணக்கர். 1962இல் பரோடாவுக்கு வந்து அவர் சேர்ந்தது ஓவியத் துறையில் இல்லை, கலை விமரிசனப் படிப்பில். ஓவியம் அவருக்குக் கைகூடியது குலாம் முகம்மது ஷேக் முதலான நண்பர்களின் கூட்டத்தில். வகுப்பறை அவருக்கு எவ்வளவு கொடுத்தது, வகுப்பறைக்கு வெளியே நடந்த பேச்சு எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அந்தப் பேச்சு நடக்க ஒரு வளாகம் தேவைப்பட்டது. மறுபக்கம், பல்கலைக்கழக முறை தேர்வையும் பருவத்தையும் மதிப்பெண்ணையும் தன்னோடு கூட்டிவருகிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய சிற்பத்துக்கு மாணவர் முடியக்கூடியதைத்தான் தேர்ந்தெடுப்பார், தோற்கக்கூடியதைத் தொடமாட்டார்.

தமிழ்ச் சூழலில் இன்னொரு தடையும் உண்டு. தமிழ்வழியில் படித்து வரும் மாணவருக்குக் கலை வரலாறு பெரும்பாலும் ஆங்கில நூல் வழியாகவே வருகிறது. கோட்டில் துணிச்சலாக இருப்பவர் எழுத்துத் தேர்வில் ஊமையாகிறார். பரோடா வாதத்தின் உயிர்நாடியே 'யோசிக்கத் தெரிந்த கலைஞர்' என்பதுதான். எந்த மொழியில் யோசிப்பது என்பதற்கு விடை இல்லாமல் அந்த வாதத்தை இங்கே இறக்குமதி செய்ய முடியாது. இலங்கையில் நிலைமை சற்று வேறு. க.பொ.த. உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடம். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த புலமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் பல்கலைக்கழகங்களின் பகுதிகளாக இயங்குகின்றன. பள்ளியில் தமிழில் தொடங்கும் கலைப்பேச்சு பல்கலைக்கழகம் வரை அறுபடாமல் போக அங்கே ஒரு பாதை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே அப்படியொரு பாதை உருவாகவில்லை.

ஓவியர் ஆய்வாளராகும்போது

ஐந்தாவது விடையைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அது இன்னும் இளையது. 1992இல் பிரிட்டனின் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களானபோது கலை ஆசிரியர்களும் ஆய்வு செய்துகாட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. கலை பற்றிய ஆய்வு, கலை வழியிலான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று கிறிஸ்டபர் ஃப்ரேலிங் 1993இல் செய்த பாகுபாடு அந்த நெருக்கடிக்குப் பொருத்தமாக அமைந்தது. ஓவியமே ஆய்வேடாகலாம் என்ற நிலை மெல்ல உருவாயிற்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை: ஒரு சாயத்தைப் பற்றியோ ஓர் ஊரின் சுவர்களைப் பற்றியோ ஓவியர் கண்டறிவதை வேறு முறையால் கண்டறிய முடியாமல் போகலாம். ஆனால் இந்தியாவில் இது பெரும்பாலும் பணி நியமனக் கணக்காகவே வந்து சேர்ந்தது. முதுகலை மதிப்பெண், தேசியத் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று வளரும் படிகளில் பட்டறையில் ஊறியவரைவிடப் பட்டியலை நிரப்பியவர் முன்னே நிற்க வாய்ப்பு அதிகம். தொழில்முறைக் கலைஞருக்கு மாற்று வழி ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் வைத்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தனபாலையோ சந்தானராஜையோ இன்றைய நியமனக் குழு ஒன்றின் முன் நிறுத்திப் பார்த்தால் இந்தப் பிரச்சினை விளங்கும்.

யாருக்கு, எதற்கு

ஐந்து விடைகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், அவை எல்லாம் கல்லூரியின் முடிவில் வெளியே வருவதை அளக்கின்றன என்பது தெரிகிறது: பொருள், மரபு, மேதை, பட்டதாரி, ஆய்வேடு. இந்த அளவுகோலில் அரசுக் கலைக்கல்லூரி எப்போதும் தோற்கும். பட்டறையில் சிக்கனமாகவும் வடிவமைப்பு நிறுவனத்தில் திறமையாகவும் நடப்பதை அது சுமாராகத்தான் செய்யும். அளவுகோலை நுழைவாயிலுக்குக் கொண்டுபோனால் கணக்கு மாறுகிறது. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஆதிமூலத்துக்கும், பொன்னானிப் பகுதியிலிருந்து வந்து 1960களில் சென்னையில் பயின்ற டி.கே.பத்மினிக்கும் ஓவியர் ஆவதற்கு வேறு வழி இருந்திருக்குமா என்பது சந்தேகமே. பத்மினி 1969இல் இருபத்தொன்பது வயதில் பிரசவத்தில் இறந்தார். வாசலைத் திறப்பது மட்டும் போதாது என்பதையும் அந்தச் சிறு வாழ்வு காட்டுகிறது. சோழமண்டலத்தின் தொடக்கக் காலத்திலும் பெண்கள் மிகச் சிலரே.

வாசலுக்கு முன்னால் இருப்பதும் கணக்கில் வர வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் சேர்க்கையில் வரைதிறனும் சோதிக்கப்படும்போது, ஓரளவாவது பயிற்சி பெற்றவருக்கே வெற்றி வாய்ப்பு. அந்தப் பயிற்சியைப் பள்ளி தர வேண்டும். பள்ளியில் ஓவிய ஆசிரியர் நிலை என்ன? 2012இல் ஓவியம், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு அரசு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பகுதிநேர ஆசிரியர்களாக, மாதம் ரூ.5,000 ஊதியத்தில் அமர்த்தியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். ஒரு கையால் கவின்கலைப் பட்டம் கொடுக்கும் அரசு, மறு கையால் அந்தப் பட்டத்துக்கு உரிய வேலையைப் பாதியாக நறுக்குகிறது. நுழைவுத் தேர்வின் நியாயமும் பட்டதாரியின் பிழைப்பும் இந்த ஒரே முடிச்சில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

மூன்று மறுப்புகள்

மருத்துவமனையில் படுக்கை போதாத நாட்டில் வண்ணத்துக்கு வரிப்பணமா என்பது பழைய மறுப்பு. கவின்கலைக்கு ஒதுக்கப்படும் தொகை உயர்கல்விச் செலவில் மிகச் சிறு துளி என்று பதில் சொல்வது வழக்கம். அது தப்பிக்கும் பதில். அரசு பொது இடத்தில் சிலை வைக்கிறது, பாடநூலுக்குப் படம் போடுகிறது, கோயிலையும் அருங்காட்சியகத்தையும் பராமரிக்கிறது. இவற்றையெல்லாம் செய்கிறவர்கள் எங்காவது பழகியாக வேண்டும். அரசு அந்தச் செலவை ஏற்காவிட்டால், பழகும் வசதி யாருக்கு இருக்கிறதோ அவர்கள் கண்ணால்தான் பொது இடம் வடிவம் பெறும்.

இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது கல்லூரி எதற்கு என்பது புதிய மறுப்பு. கைத்திறன் பயிற்சியைப் பொறுத்தவரை இதில் கணிசமான நியாயம் உண்டு. வெண்கலம் உருக்கும் உலையும் அச்சுப்பதிவு எந்திரமும் சுடுமண் சூளையும் வீட்டில் கிடையாது என்பது ஒரு பதில். 'இது சரியில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லி, ஏன் என்று மூன்று மணிநேரம் வாதிடும் சகமாணவர் திரையில் கிடைப்பதில்லை என்பது இன்னும் முக்கியமான பதில்.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையை நான்கு ஆண்டு ஓவியத்தில் ஊறவைத்து, சந்தையே இல்லாத ஊருக்குத் திருப்பி அனுப்புவது கருணையா, கொடுமையா? ஓவியச் சந்தை டெல்லியிலும் மும்பையிலும் குவிந்து கிடக்கிறது. அங்கே நுழையத் தேவையான அறிமுகமும் ஆங்கிலமும் கல்லூரி தருவதில்லை. நேரமும் இடமும் சகாக்களும் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டுக் கல்லூரி கைகழுவ முடியாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இந்த மறுப்பை அதன் முடிவுவரை கொண்டுபோனால், வசதியுள்ளவர் மட்டும் கலைக்கு வரலாம் என்ற இடத்தில் போய் நிற்கும். ஆபத்தைச் சொல்லி எச்சரிப்பது வேறு, ஆபத்தான வேலையைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது வேறு.

தீராதவை

பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் கலைக்கு எவ்வளவு சுதந்திரம் என்பது இன்னும் தீராத கேள்வி. வைமரில் பௌஹவுஸின் நிதியை வலதுசாரி மாநில அரசு வெட்டியதால் பள்ளி 1925இல் டெஸ்ஸாவுக்குப் போனது. அங்கே நாஜிகள் நகரமன்றத்தைப் பிடித்ததும் 1932இல் மூடப்பட்டது. பெர்லினில் தனியார் பள்ளியாக ஓராண்டுகூடத் தாங்கவில்லை. பரோடாவில் 2007 மே மாதம் தேர்வுக்காக வளாகத்துக்குள் வைக்கப்பட்ட ஒரு மாணவரின் படைப்புகளுக்கு வெளியார் எதிர்ப்புத் தெரிவிக்க, காவல்துறை அவரைக் கைது செய்தது. மாணவர் பக்கம் நின்ற பொறுப்புப் புலத்தலைவரைப் பல்கலைக்கழகமே இடைநீக்கம் செய்தது. தேர்வு அறை என்பது தவறுசெய்து பார்க்க மாணவருக்கு அனுமதி உள்ள இடம் என்ற புரிதலே அங்கே உடைந்தது. தனியார் நிறுவனம் இதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல பெர்லின் அனுபவம் இடம் தரவில்லை. அரசு நிறுவனம் பாதுகாப்பானது என்று சொல்ல பரோடா இடம் தரவில்லை.

எதை வைத்து இக்கல்லூரிகளை மதிப்பிடுவது என்பதும் திறந்தே இருக்கிறது. இங்கே முன்வைத்த நுழைவாயில் அளவுகோலுக்கும் குறை உண்டு: முதல் தலைமுறை மாணவர் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று எண்ணலாம், உள்ளே அவர்களுக்கு உண்மையில் நேரமும் முரண்படும் சகாக்களும் கிடைத்தார்களா என்பதை எண்ண முடியாது. எண்ண முடியாததைத் தர மதிப்பீட்டுக் குழுக்கள் பார்ப்பதில்லை. சொன்னதைப் படமாக்கித் தரும் மென்பொருள்கள் வந்தபிறகு, காட்சித் தகவல் வடிவமைப்புத் துறையின் வேலைவாய்ப்புக் கணக்கு எப்படி மாறும் என்பதும் தெளிவாகவில்லை. அலுமினியம் பட்டறையைவிட்டு ஆலைக்குப் போனபோது கல்லூரி பிழைத்தது, அதற்குள் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்ததால். இந்தத் தடவை உள்ளே அப்படி ஏதாவது நடக்கிறதா என்பதைச் சேர்க்கை அறிவிப்பிலோ ஆண்டறிக்கையிலோ தேடிப் பயனில்லை. மாலையில் வகுப்பு முடிந்த பிறகும் சிற்பக்கூடம் பூட்டப்படாமல் இருக்கிறதா என்று கேட்பது அதைவிடப் பொருத்தமான விசாரணை.